படாத அடி

புரட்டாதி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கத்துத் தகரக் கூரைக் குத்துச்சண்டைக் கூடம் ஒன்றுக்குள், என்னைவிட 14 வயது இளைய ஒரு பிள்ளை என் மூக்கில் குத்தினாள். பெரிய குத்து என்று சொல்ல முடியாது. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று படலையைத் தட்டிப் பார்ப்போமே, அந்தளவுதான். ஆனால் இரண்டு கண்ணாலும் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. கூடத்தில் நின்ற பெடியன்கள் பதறிப்போனார்கள். “அக்கா அழுறா, அக்கா அழுறா” என்று ஒருவன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தான். மாஸ்டர் இருந்த கதிரையை விட்டு எழும்பவே இல்லை. “அவ அழேல்லை. மூக்கில பட்டால் கண்ணால தண்ணி வரும். அவவுக்கு இண்டைக்குத்தான் முதல்முறை படுது” என்றார்.

அந்த “முதல்முறை” என்ற சொல்தான் இன்றுவரை என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் ஐந்து மாதமாக, கிழமைக்கு ஒரு தடவை, நான் ஸ்பாரிங், அதாவது எதிரே ஆளை வைத்துப் பயிற்சிச் சண்டை, செய்திருக்கிறேன். பல்லைக் காக்கும் கம்ஷீல்டைக் கடித்துக்கொண்டு, தலையைக் காக்கும் ஹெட்கார்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வியர்த்து ஊற்ற ஊற்றச் சுற்றுச் சுற்றாக. அத்தனை சுற்றிலும் மூக்கில் ஒரு அடிகூடப் படவில்லை. அதை நான் என் திறமை என்று நம்பியிருந்தேன். உண்மையாகவே நம்பியிருந்தேன்.

கொடியில் காயும் பட்டி

நான் கணக்கு எழுதும் வேலை செய்பவள். காலை எட்டரைக்குக் கதிரையில் இருந்தால் பின்னேரம் ஐந்துக்குத்தான் எழும்புவது. முதுகு நோவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் மாசி மாதம் அந்தக் கூடத்துக்குப் போனேன். கூடவே போன தோழி இரண்டாம் கிழமையே நின்றுவிட்டாள், நான் நிற்கவில்லை. முதல் இரண்டு மாதம் கயிறு அடிப்பதும் கால் வைப்பதும்தான். இடது கால் முன்னே, வலது குதி நிலத்தில் படாமல், முன்னே போனால் முன்கால் முதலில், பின்னே வந்தால் பின்கால் முதலில், கால்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது. சின்ன வயதில் கிளித்தட்டு விளையாடிய கால்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை என்று மாஸ்டர் சொன்னார். எனக்குப் புதிதாகத்தான் இருந்தது.

கையில் பட்டி சுற்றுவதைப் பழகவே மூன்று நாள் பிடித்தது. நாலரை மீற்றர் நீளம். பெருவிரலில் கொளுவி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் மொளியில் மூன்று சுற்று, பிறகு விரல் இடுக்குகளுக்குள்ளால் ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி மணிக்கட்டில் கொண்டுவந்து முடிப்பது. கைக்குள் இருக்கும் சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றாகக் கட்டுண்டு நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பழகாதவர்களுக்குச் சுண்டுவிரலுக்குக் கீழேயுள்ள எலும்புதான் முதலில் முறியும். அந்தப் பட்டியைத் தோய்த்துப் போட்டால் வீட்டுக் கொடியில் அப்பாவின் வேட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் நாடாக்கள் தொங்கும். அம்மா அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், “ஆஸ்பத்திரிக் கொடி மாதிரிக் கிடக்கு” என்பா.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில், இரண்டு வயதுப் பிள்ளையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிவரை நடந்தவ. நான் குத்துச்சண்டை பழகப் போகிறேன் என்று சொன்ன அன்று, “ஊரே அடி வாங்கி இப்பதான் ஓய்ஞ்சுபோய்க் கிடக்கு, நீ காசு குடுத்து அடி வாங்கப் போறியோ?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கூட்டியை விட்டு இறங்கியதும் என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பா. கீறல் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா. ஒன்றும் இராது. “பரவாயில்லை, நல்ல பெடியள்போல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவா. எனக்கும் அது பெருமையாக இருக்கும்.

தம்பி

கூடத்தில் றிங் இல்லை. ஒலிம்பிக் போட்டியில் கயிற்றுக்குள் 6.1 மீற்றர் சதுரம் இருக்கும். எங்களுக்கு நிலத்தில் சிவப்பு ஒட்டுநாடா, ரேப், ஒட்டியிருக்கிறது, மூலைக்கொன்றாக நாலு பிளாஸ்டிக் கதிரை. 3 நிமிடம் ஒரு சுற்று, இடையில் 1 நிமிடம் ஓய்வு, அப்படி 3 சுற்று. பெண்களுக்கு முன்பு 2 நிமிடப்படி 4 சுற்றாக வைத்திருந்து, 2017 தொடக்கம் ஆண்களுக்குப் போலவே மாற்றினார்கள். 3 நிமிடம் என்று வாயால் சொல்வது சுகம். முதல் நிமிடத்திலேயே நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரியவரும். பயந்த உடம்பு மூச்சை அடக்கும். மூச்சை அடக்கினால் தோள் கல்லாகும், தோள் கல்லானால் 16 அவுன்ஸ் கிளவுஸைத் தூக்கி வைத்திருக்க முடியாது. ஒரு கைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. இரண்டாவது சுற்றில் அது அரிசி மூட்டை.

என்னோடு ஸ்பாரிங் செய்ய மாஸ்டர் விட்டது 19 வயதுத் தம்பி ஒருவனை. மோட்டார் சைக்கிள் திருத்தும் இடத்தில் வேலை, நகக்கண்ணுக்குள் எப்போதும் கிறீஸ் இருக்கும், கூடத்தில் அவன் கால் வைக்கும் அழகைப் பார்ப்பதற்கென்றே மற்றப் பெடியன்கள் நிற்பார்கள். அவன் எனக்கு நேரே ஜப், அதாவது இடக்கையால் ஒரு நேர்க்குத்து, போடுவான், நான் தலையைச் சாய்ப்பேன், கிளவுஸ் காதோரமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அவன் வலக்கையைப் போடுவான், நான் பின்னால் எடுப்பேன், முகத்துக்கு மூன்று விரற்கடை தூரத்தில் அது நின்றுபோகும். “சுப்பர் அக்கா!” என்பான். நல்லூர்த் திருவிழா நேரம் 25 நாளும் மச்சம் மாமிசம் விட்டு, ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தபடி வந்தும்கூட அவன் என்னோடு இரண்டு சுற்றுச் செய்தான். அப்போது அவன் கை கொஞ்சம் மெதுவாக வந்தது, நான் இன்னும் லாவகமாக விலத்தினேன். இரவு படுக்கையில் கண்ணை மூடினால் அந்த விலத்தல்கள் ஒவ்வொன்றும் திரும்ப வரும். 31 வயதில் என் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது என்ற சந்தோஷம், அதைச் சொல்லத் தெரியவில்லை, ஓ/எல் றிசல்ட் வந்த அன்று இருந்தது மாதிரி.

பிறகு புரட்டாதியில் அந்தப் பிள்ளை வந்தாள். கிளிநொச்சிப் பக்கம், ஏ/எல் படிக்கிறவள், லீவுக்குக் கோண்டாவிலில் சித்தி வீட்டில் நின்றாள். ஏற்கெனவே ஊரில் இரண்டு வருடம் பழகியிருக்கிறாள். என் தோளுக்குத்தான் வருவாள், 48 கிலோ இருந்தால் அதிகம். நான் அவளைவிட ஒன்பது கிலோ கூட. அடித்துவிடக்கூடாதே என்ற கவலையோடுதான் நான் ரேப்புக்குள் இறங்கினேன்.

முதல் 20 செக்கனுக்குள் அந்தத் தட்டு. கண் நீரைத் துடைத்துவிட்டு, மாஸ்டர் சொன்னபடி திரும்ப நின்றேன். அவள் ஒரு அடி பின்னால் போய், நான் கை தூக்கும்வரை பொறுமையாக நின்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் ஜப் போட்டேன். அதே நேரம், அதே இடத்தில், அதே அளவு பலத்தில் இன்னொரு தட்டு. மூன்றாவது முறையும். சுற்று முடிந்ததும் கம்ஷீல்டைக் கையில் எடுத்துவிட்டு, “அக்கா, நீங்க இடக்கையைப் போடேக்க ஒவ்வொருக்காவும் வலக்கை கன்னத்தை விட்டுக் கீழ வருது. அதாலதான் அங்கயே அடிச்சனான்” என்றாள். கணக்கில் பிழை இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டுவதுபோல இருந்தது. எவ்வளவு நேரே சொன்னாள்!

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அந்த ஐந்து மாதமும் நான் தலையை விலத்தியிருக்கவில்லை. அவன் கையை விலத்தியிருக்கிறான்.

தூரத்தில் ஒரு பொய்

அன்று இரவு கோபம்தான் வந்தது. அவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்ற கோபம். இரண்டு மூன்று நாள் போக, கோபம் அவனைவிட்டுத் தள்ளி வேறெங்கோ போய்விட்டது. ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் இது எனக்குத் தெரிந்த அன்பு. பள்ளிக்கூடக் காலத்தில் இரவு ரியூசன் முடிந்து வரும்போது அண்ணா சைக்கிளில் பின்னால் வருவான், நான் தனியே வந்ததாக நினைத்துக்கொண்டிருப்பேன். வேலையிடத்தில் நான் விட்ட பிழையை எனக்குச் சொல்லாமல் வேறொருவர் இரவிருந்து திருத்தியதும் நடந்திருக்கிறது. “பாவம், பொம்பிளைப்பிள்ளை.” இங்கே வளரும் பெண் இப்படியான கைகளுக்கு நடுவில்தான் வளர்கிறாள். முகத்துக்கு மூன்று விரற்கடை தூரத்தில் நின்றுபோகும் கைகள். அவற்றில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் எந்தக் கை வந்தால் உண்மையில் படும் என்று அவளுக்கு யாரும் காட்டித்தருவதில்லை.

குத்துச்சண்டையில் இதற்கு விலை உண்டு. எதிரில் நிற்பவரின் கை எவ்வளவு தூரம் வரும் என்பதைக் கண் பட்டுப் பட்டுத்தான் பழகுகிறது, வேறு வழி கிடையாது. மூன்று விரற்கடைக்கு முன்னால் நின்றுபோகும் கையோடு ஐந்து மாதம் பழகினால், அந்த மூன்று விரற்கடையும் பாதுகாப்பான இடம் என்று உடம்பு எழுதிவைத்துவிடும். கையைக் கீழே விட்டாலும் தண்டனை வராது, ஆகவே கை கீழே வரப் பழகும். கண் சிமிட்டலும் அப்படித்தான். முகத்தை நோக்கி எதுவும் வந்தால் கண் தானாக மூடும். மெதுவான அடிகள் நெற்றியில் நூறு தடவை பட்ட பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தே நிற்கத் துணிகிறது. எனக்கு ஒன்றுகூடப் பட்டிருக்கவில்லை, ஆகவே அவளுடைய முதல் ஜப் வந்தபோது நான் கண்ணை மூடியிருந்தேன். அந்தக் குத்தை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு பயிற்சி முடிய, வெளியே மதிலில் இருந்து எல்லாரும் பிளேன்ரீயும் ரோல்ஸும் சாப்பிடும்போது அவனிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “எங்கட வீட்டில அப்பா குடிச்சுப்போட்டு அம்மாக்கு அடிக்கிறவர் அக்கா. நான் பொம்பிளையில கை வைக்கமாட்டன் எண்டு அம்மாட்டச் சத்தியம் பண்ணினனான். ரேப்புக்குள்ள நீங்க கிளவுஸோட நிண்டாலும் கை வருகுதில்லை” என்றான்.

இதைக் கேட்ட பிறகு என்ன சொல்வது. நான் சொல்ல நினைத்து வைத்திருந்த அத்தனையும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பெண்ணும் ஆணும் சமம், என்னை ஒரு பொக்ஸராகப் பார், இதெல்லாம் சரியான வசனங்கள்தான், ஆனால் அவன் செய்த சத்தியத்தின் முன்னால் அவை பாரமில்லாமல் இருந்தன. எத்தனை வீடுகளில் இரவில் என்ன நடக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்படியொரு வீட்டுக்குள் இருந்து, கை வைக்கமாட்டேன் என்று ஒரு பெடியன் வெளியே வந்திருக்கிறான் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று நான் கேட்கலாமா? இந்த இடத்தில் எனக்கு இன்றும் முழுத் தெளிவு இல்லை. எனக்குக் கற்கவேண்டும் என்பதும் உண்மை, அவனுடைய சத்தியம் எனக்குப் பெரிது என்பதும் உண்மை.

வழி காட்டியது மாஸ்டர்தான். நான் போய் முறையிடவில்லை, அவர் எல்லாவற்றையும் மதிலுக்கு இந்தப்பக்கம் இருந்தே கேட்டிருக்கிறார். இரண்டு பேரையும் கூப்பிட்டார். தம்பியின் கையைப் பிடித்து, கிளவுஸ் இல்லாத கையை, என் நெற்றியில் மெல்ல வைத்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. “இது அடியோ?” என்று கேட்டார். “இல்லை மாஸ்டர்.” “இவ்வளவு காணும். பலத்தை எவ்வளவும் குறை, நான் ஒண்டும் சொல்லமாட்டன். தூரத்தில பொய் சொல்லாதை.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீயும்தான் பிள்ளை. அவன்ர நெஞ்சுக்கு அடிக்கிறன் எண்டு கிளவுஸுக்கு அடிச்சுக்கொண்டு நிக்கிறாய்” என்றார். அது உண்மை. நானும் அவனுக்குப் படாமல்தான் அடித்துக்கொண்டிருந்தேன், அதை நான் கவனித்ததே இல்லை.

பலத்தைக் குறைப்பது சும்மா மரியாதைக்கு இல்லை என்பதையும் அவர்தான் சொல்லித்தந்தார். ஹெட்கார்ட் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013 இல் பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு அதை எடுத்தேவிட்டார்கள், பெண்களுக்கு இன்னும் இருக்கிறது. போட்டிருந்தாலும் தலையில் பலமாகப் பட்டால் பட்டதுதான். ஆகவே எங்கள் கூடத்தில் தலைக்கு ஸ்பாரிங் கிழமைக்கு ஒருநாள் மட்டும், தலையிடி என்று ஒருவர் சொன்னால் அன்றோடு நிறுத்தி வீட்டுக்கு. இதில் மாஸ்டர் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார், ஆளை முடிப்பதற்கு ஸ்பாரிங் செய்கிற கூடங்களைப் பற்றிப் பேசினாலே முகம் சுருங்கிவிடும். அவர் சொல்வது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். எதிரில் நிற்பவர் தன் உடம்பை எனக்கு இரவல் தந்திருக்கிறார். இரவல் வாங்கியதைப் பழுதாக்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அந்த நாட்களில் இரவில் போனில் பழைய போட்டிகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2012 இல், இலண்டனில்தான். இந்தியாவின் மேரி கோம் வெண்கலம் எடுத்தது அதில். 2018 இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டி அரையிறுதியில் 35 வயது மேரி கோமுக்கு முன்னால் நின்றது எங்கள் இலங்கைப் பெண், அனுஷா கொடிதுவக்கு. 5க்கு 0 என்று தோற்று வெண்கலத்தோடு வந்தார். தோல்வி என்று எல்லாரும் கடந்துபோன அந்தப் புள்ளியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நடுவரும் எதிராகச் சொன்ன மூன்று சுற்றையும் நின்று முடிப்பதற்கு ஒரு உடம்பு எத்தனை ஆயிரம் உண்மையான அடிகளை ஏற்கெனவே கூடத்துக்குள் வாங்கியிருக்கவேண்டும். அவரோடு ரேப்புக்குள்ளோ கயிற்றுக்குள்ளோ நின்ற யாரோ சிலர் அவருக்குப் பொய் சொல்லவில்லை.

கார்த்திகை மழை

நாங்கள் தோளில் தொடங்கினோம். தோளைத் தொடுவது, தொட்டால் ஒன்று என்று எண்ணுவது, அவ்வளவுதான். மாஸ்டர் அதை விளையாட்டாக்கிவிட்டார், தோற்றவர் 20 தண்டால். தம்பிக்குத் தோள் பிரச்சினையில்லை. பிறகு வயிறு. வலது விலாவுக்குக் கீழே ஈரல் இருக்கும் இடத்தை அவன் விரலால் காட்டித்தந்தான், அங்கே பட்டால் ஒரு செக்கன் ஒன்றும் தெரியாது, அதற்குப் பிறகுதான் கால் மடியும் என்று சொன்னான், காட்டினானே தவிர அங்கே அடிக்கவில்லை, அதை நான் கேட்கவும் இல்லை. நெற்றிக்கு வர இரண்டு மாதமானது. கை வரும், பாதி வழியில் தயங்கும், திரும்பிப் போகும். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அந்தப் பிள்ளை கிளிநொச்சிக்குத் திரும்பிப் போய்விட்டாள், போகும்போது என் வலது கன்னத்தில் கையை வைத்து அழுத்தி, “இஞ்ச, அக்கா” என்றுவிட்டுப் போனாள். பல் தீட்டும்போதுகூட நான் வலக்கையை அங்கே வைத்துப் பழகினேன்.

கார்த்திகையில் மழை அடைத்துப் பெய்த ஒரு ஞாயிறு. தகரத்தில் மழை விழும் இரைச்சலில் மணிச் சத்தம் கேட்காது, மாஸ்டர் கையைத் தூக்கித்தான் சுற்றைத் தொடங்குவதும் முடிப்பதும். இரண்டாவது சுற்றில் நான் ஜப் போட்டுவிட்டு, களைப்பில், பழைய பழக்கத்தில் வலக்கையைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். அந்த இடைவெளிக்குள்ளால் அவன் கை வந்தது. வருவதை நான் பார்த்தேன், கடைசிவரை கண்ணைத் திறந்தபடி பார்த்தேன், கிளவுஸின் தையல்கூடத் தெரிந்தது. மூக்கில் பட்டது. மெதுவாகத்தான், ஆனால் பட்டது.

அவன் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு கையும் கீழே, கம்ஷீல்டோடு வாய் பாதி திறந்து. நான் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை, கை போய்விட்டது. அவன் நெற்றியில் ஒரு ஜப், என் வாழ்நாளில் போட்டதிலேயே நேரான ஜப். மாஸ்டர் மழைக்கு மேலால் அவனைப் பார்த்து, “கையைத் தூக்கடா!” என்று கத்தினார். அவன் தூக்கினான். அதற்குப் பிறகு மாஸ்டர் கையைத் தூக்கி முடித்ததை நாங்கள் இரண்டு பேரும் காணவில்லை, அவர் நடுவில் வந்து பிரிக்கவேண்டியிருந்தது.

நனைந்துபோய் வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. வழமைபோல நாடியைப் பிடித்து லைற்றுக்கு நேரே திருப்பினா. மூக்கு நுனி சிவந்திருந்தது.

“ஆர் அடிச்சது?”

“தம்பி.”

கையை எடுக்காமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

“நீ?”

“நானும் அடிச்சனான்.”

“சரி. தலையைத் துடைச்சுக்கொண்டு வா, புட்டு ஆறப்போகுது” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் திருவலையில் போய் இருந்தா.